பழைய லொறியின் எண்ணெய் அமுக்கம்

மோட்டார் வண்டியில் சாரதியின் கண்ணெதிரே உள்ள கருவிப் பலகையில் பல முட்கள் அசைகின்றன. வேகத்தைக் காட்டும் முள் பழுதுற்றாலும் வண்டி ஓடும். எரிபொருளைக் காட்டும் முள் தவறினால் வண்டி வழியிலே நிற்க நேரும், அதற்குமேல் தீங்கில்லை. எண்ணெய் அமுக்கத்தைக் காட்டும் முள்ளின் செய்தி வேறு. எண்ணெய் அமுக்கம் உண்மையாகவே அற்றுப்போனபின்பும் எஞ்சின் ஓடவிடப்படுமாயின், சில நிமிடங்களுக்குள் அதன் தாங்கிகள் உருகித் தேய்ந்து, எளிதிலே சீர்செய்ய இயலாத கேடு விளையும். ஆதலால் அம்முள் தாழக் கண்ட சாரதி அஞ்சுவது இயல்பேயாம்.

ஆனால் அவ்வச்சம் இருவகைத் தவறுகளுக்கு வழிகோலுகின்றது. “பழைய வண்டிதானே, முள் பழுதாயிருக்கும்” என்று எண்ணித் தொடர்ந்து ஓட்டுதல் ஒன்று. உடனே எஞ்சினைக் கழற்றிப் பிரித்துப் போடுதல் மற்றொன்று. முதலாவது தவறென்பதை எல்லோரும் அறிவர். இரண்டாவது தவறென்பதை உணர்வோர் சிலரே. அறுபது எழுபது ஆண்டுகளுக்கு முற்பட்ட எஞ்சின்களின் உறுப்புக்கள் இன்று கடைகளில் எளிதாகக் கிடைப்பனவல்ல. அவற்றின் தாங்கிகள் சில உலோகத்தை உருக்கி வார்த்துக் கடைந்து செய்யப்பட்டவை. அத்தொழில் அறிந்தோரும் அருகிவிட்டனர். நல்ல நிலையிலுள்ள தாங்கியைக் காரணமின்றித் திறந்து கலைத்துவிட்டால், இழந்ததை மீளப் பெறுதல் அரிது. எனவே பழைய லொறியொன்றின் எண்ணெய் அமுக்கம் குறைந்துள்ளதாகத் தோன்றும்போது, எதனை முதலில் ஆராய்வது, எதனைப் பின்னர் ஆராய்வது என்ற ஒழுங்கை அறிந்திருத்தல் வேண்டும்.

அதற்கு முன்னர், எண்ணெய் அமுக்கம் எவ்வாறு தோன்றுகிறது என்பது தெளிவாதல் நன்று. தோட்டக் கிணற்றிலிருந்து நீர் இறைக்கும் இயந்திரத்தைக் கமக்காரர் அறிவர். குழாயின் வாய் அகலத் திறந்திருக்கையில் நீர் தாராளமாகப் பாயும். ஆனால் குழாய்க்குள் அமுக்கம் மிகச் சிறிதே. குழாயின் வாயைக் கையாற் பாதி மூடினால், இயந்திரத்தில் மாற்றம் எதுவும் இல்லாதிருக்கவும் அமுக்கம் ஏறி, நீர் தொலைவிற் சென்று விழும். பம்பி தருவது ஓட்டம். அவ்வோட்டத்துக்கு வழியில் உண்டாகும் தடையே அமுக்கத்தைப் பிறப்பிக்கின்றது. எஞ்சினிலும் இதுவே நடைபெறுகிறது. பம்பி தள்ளும் எண்ணெய், சுழலும் தண்டுக்கும் அதைத் தாங்கும் உலோகத்துக்கும் இடையிலுள்ள நுண்ணிய இடைவெளியூடாகக் கசிந்து வெளியேறுகின்றது. இடைவெளி ஒடுங்கியிருந்தால் தடை பெரிது, அமுக்கமும் பெரிது. இடைவெளி அகன்றுவிட்டால் எண்ணெய் தடையின்றி ஓடிவிடும், முள் தாழும்.

இவ்விடைவெளி ஓர் அங்குலத்தை ஆயிரம் பங்காக்கினால் அதில் இரண்டு மூன்று பங்கு அளவினதே. அத்தகைய நுண்ணிய வழியில் எண்ணெய் கசியும் அளவு இடைவெளியின் மும்மடிப் பெருக்கத்தைத் தொடர்ந்து செல்கிறது என்பது பாய்பொருளியல் கண்ட விதி. ஏனைய யாவும் ஒத்திருப்பின், இடைவெளி இருமடங்கானால் கசிவு எட்டு மடங்காகும். ஆயிரத்தில் இரண்டு பங்கு தேய்மானம் கண்ணுக்குப் புலப்படாதது. ஆயினும் பம்பியின் உழைப்பை முற்றாக விழுங்க அதுவே போதும்.

மற்றொரு செய்தியும் நினைவிற் கொள்ளத்தக்கது. சுழலும் தண்டைத் தாங்கி நிற்பது முள் காட்டும் அமுக்கம் என்று பலர் கருதுகின்றனர். உண்மை வேறு. இங்கிலாந்தில் பியூசாம் டவர் என்னும் பொறியியலாளர், புகைவண்டிச் சில்லுகளின் தாங்கிகளை ஆராய்ந்து 1883இல் தம் அறிக்கையை வெளியிட்டார். எண்ணெயிடுவதற்காகத் தாங்கியின் மேற்புறத்தில் அவர் இட்ட துளையூடாக, தண்டு சுழலும்போது எண்ணெய் மேலெழுந்து வழிந்தது. துளையை மூடுவதற்கு வைத்த அடைப்பான் வெளியே தள்ளப்பட்டது. அங்கே அமுக்கமானியைப் பொருத்தியபோது அது சதுர அங்குலத்துக்கு 200 இறாத்தலுக்கு மேற் சென்றது. தாங்கியின் மீதிருந்த சராசரிச் சுமையோ அதிற் பாதியளவே. சுழலும் தண்டு தானே எண்ணெயை ஆப்புப் போல ஒடுங்கிய இடத்துக்குள் இழுத்துச் சென்று பேரமுக்கத்தை உண்டாக்குகின்றது என்பதை 1886இல் ஒஸ்போர்ன் ரெய்னோல்ட்ஸ் கணித முறையால் விளக்கினார். ஆகவே பம்பியின் கடமை தண்டைத் தூக்கி நிறுத்துவதன்று. தாங்கிக்கு எண்ணெய் குறைவின்றி வந்துகொண்டிருக்கச் செய்வதே. முள் காட்டும் எண், அவ்வரவு எத்தகையது என்பதற்கான ஒரு குறிப்பு மாத்திரமே.

இவ்வுண்மைக்குச் சிறந்த எடுத்துக்காட்டாக விளங்குவது அமெரிக்க நாட்டின் செவ்ரொலே ஆறு சிலிண்டர் எஞ்சினாகும். செவ்ரொலே நிறுவனத்தார் 1929இல் ஆறு சிலிண்டர் எஞ்சினை அறிமுகஞ் செய்தனர். 1937இல் அதனைப் புதுக்கி, கிராங்க் தண்டுக்கு நான்கு முதன்மைத் தாங்கிகள் வைத்து, 216 கன அங்குல அளவிற் செய்தனர். இவ்வெஞ்சின் லொறிகளில் 1953 வரை பொருத்தப்பட்டு வந்தது. இரண்டாம் உலகப் போரின்போது கனடாவிற் செய்யப்பட்ட செவ்ரொலே படைவண்டிகளும் இதனையே கொண்டிருந்தன. போர் ஓய்ந்தபின் படையினருக்குத் தேவைப்படாத வண்டிகள் பல நாடுகளிற் பொதுமக்களுக்கு விற்கப்பட்டு, மூட்டையும் மரமும் ஏற்றின. இன்று எஞ்சியிருப்பவற்றைப் பழைய வண்டிகளில் ஆர்வமுள்ளோர் பேணிவருகின்றனர்.

இவ்வெஞ்சினுக்கு எண்ணெய் ஊட்டும் முறை பிற்காலத்து எஞ்சின்களின் முறையிலிருந்து வேறுபட்டது. முதன்மைத் தாங்கிகளுக்கும் காம் தண்டின் தாங்கிகளுக்கும் பம்பி அமுக்கத்துடன் எண்ணெய் அனுப்புகிறது. மேலே வால்வுகளை இயக்கும் உறுப்புக்களுக்குச் சிறு குழாய் வழியே சிறிதளவு செல்கிறது. பிஸ்டனையும் கிராங்க் தண்டையும் இணைக்கும் தண்டுகளின் தாங்கிகளுக்கோ அமுக்கத்தோடு எண்ணெய் செல்வதில்லை. எஞ்சினின் அடியிலுள்ள எண்ணெய்த் தட்டில், ஒவ்வோர் இணைப்புத் தண்டுக்கும் நேர்கீழே ஒரு சிறு தொட்டி உண்டு. தண்டின் அடிமூடியில் அகப்பை போன்ற ஓர் உறுப்பு பொருத்தப்பட்டிருக்கும். எஞ்சின் மெல்ல ஓடும்போது அகப்பை தொட்டியில் அமிழ்ந்து எண்ணெயை மொண்டு தாங்கிக்குட் செலுத்தும். வேகம் கூடும்போது, பக்கத்திலுள்ள சிறு குழல்களிலிருந்து பீறிடும் எண்ணெய்த் தாரை அகப்பையின் வாயில் நேரே மோதி உட்புகும்.

இத்தகைய அமைப்புக்குப் பெரிய அமுக்கம் வேண்டுவதில்லை. ஆகவேதான் அவ்வண்டிகளின் அமுக்கமானி பூச்சியம் முதல் 30 இறாத்தல் வரை மாத்திரமே குறிக்கப்பட்டிருந்தது. நல்ல நிலையிலுள்ள எஞ்சின் சூடேறி வழமையான வேகத்தில் ஓடும்போது, முள் சதுர அங்குலத்துக்கு ஏறத்தாழ 14 இறாத்தலில் நிற்கும். வண்டி நிற்க எஞ்சின் மெல்ல ஓடுகையில் அது சில இறாத்தலுக்கு இறங்கிவிடும். இது நோயன்று, அவ்வெஞ்சினின் இயல்பு. 1954இல் செவ்ரொலே லொறிகளுக்கு வந்த 235 கன அங்குல எஞ்சினில் இணைப்புத் தண்டுகளுக்கும் அமுக்கத்துடனேயே எண்ணெய் ஊட்டப்பட்டது. அதன் அமுக்கமானி 60 இறாத்தல் வரை குறிக்கப்பட்டது. ஓட்ட வேகத்தில் 14 இறாத்தல் என்பது பழைய எஞ்சினுக்கு நலம், புதியதற்கு அபாயம். எண் ஒன்றே, பொருள் இரண்டு.

இவ்வேறுபாட்டை அறியாமையால் விளையும் குழப்பங்கள் பல. நிமிடத்துக்கு 1,000 சுழற்சிக்கு 10 இறாத்தல் வேண்டும் என்று வேலைத்தலங்களில் வழங்கும் பொதுவிதி, முழு அமுக்க முறையில் அமைந்த எஞ்சின்களை நோக்கி எழுந்தது. அதனைப் பழைய எஞ்சினுக்கு ஏற்றி நோக்குபவர், பழுதற்ற எஞ்சினையும் பழுதென்றே முடிவு கட்டுவார். இன்னும் சிலர் பழைய 30 இறாத்தல் மானியை நீக்கி, 60 இறாத்தல் மானியைப் பொருத்திவிடுகின்றனர். முன்னர் மானியின் நடுப்பகுதியை அண்மித்து நின்ற முள், அதே 14 இறாத்தலைக் காட்டிக்கொண்டு இப்போது காற்பங்குக்கும் கீழே கிடக்கின்றது. எஞ்சினில் மாற்றம் எதுவும் இல்லை. மானியின் முகமே மாறியது. ஆதலால் ஆராய்ச்சியின் முதற்கேள்வி, “இவ்வெஞ்சின் எந்த வகையைச் சேர்ந்தது, அதற்குரிய இயல்பான அளவு யாது?” என்பதாதல் வேண்டும். அக்கேள்விக்கு விடை காணாமல் ஒரு திருகாணியையும் கழற்றலாகாது.

இயல்பான அளவினின்றும் முள் உண்மையாகவே தாழ்ந்துள்ளது என வைத்துக்கொண்டால், அடுத்துக் கேட்க வேண்டுவது அது எவ்வாறு தாழ்ந்தது என்பதே. ஓடிக்கொண்டிருக்கும்போது முள் திடீரெனப் பூச்சியத்தில் விழுந்தால், காரணத்தை ஆராயும் நேரம் அதுவன்று; எஞ்சினை அக்கணமே நிறுத்துதல் வேண்டும். காரணம் வெறும் மானிப் பழுதாகவும் இருக்கலாம். ஆனால் அதனை எஞ்சின் நின்றபின் ஆராய்வதால் இழப்பு எதுவுமில்லை. மாதக் கணக்கிலே சிறிது சிறிதாகத் தாழ்ந்திருந்தால், தேய்மானமோ எண்ணெயின் தரக்குறைவோ காரணமாகலாம். அவ்வாறாயின் ஆறுதலாக ஆராயலாம்.

இனி, செலவில்லாத சோதனையிலிருந்து தொடங்குதல் முறை. எண்ணெய் அளக்கும் கோலை உருவிப் பார்த்தலே அது. எண்ணெய் மட்டம் குறைந்திருப்பின், பம்பி எண்ணெயோடு காற்றையும் சேர்த்து உறிஞ்சும்; முள் நிலைகொள்ளாது தத்தளிக்கும். வளைவிலே திரும்பும்போதும் மேட்டில் ஏறும்போதும் முள் விழுந்தெழுமாயின் இதுவே பெரும்பாலும் காரணமாயிருக்கும். மட்டம் கூடியிருப்பதும் நல்லதன்று. ஊற்றாத எண்ணெய் எவ்வாறு கூடியது? பெற்றோலோ நீரோ வந்து கலந்திருத்தல் வேண்டும். கோலில் ஒட்டிய எண்ணெய் பாலும் தேநீரும் கலந்தாற் போன்ற நிறமுடையதாயின் நீர் கலந்துள்ளது. சிலிண்டர் தலையின் அடைப்புத் தகடோ வார்ப்பில் உள்ள வெடிப்போ ஆராயப்படல் வேண்டும். எண்ணெய் நீர்த்து, விரலிடையே வழுக்கி, பெற்றோல் மணம் வீசுமாயின் எரிபொருள் கலந்துள்ளது.

இவ்வெஞ்சின்களில் எரிபொருட் பம்பி, எஞ்சினின் பக்கச்சுவரிலே பொருத்தப்பட்டு, காம் தண்டினால் இயக்கப்படுவது. அதனுள் இருக்கும் துணிபோன்ற மென்தோல் கிழிந்தால், பெற்றோல் நேராக எண்ணெய்த் தட்டுக்குள் வடியும். பெற்றோல் கலந்து நீர்த்த எண்ணெய், தாங்கியின் இடைவெளி சரியாக இருந்தாலும் தடையின்றி ஓடிவிடும், முள் தாழும். எரிபொருட் பம்பியைச் சீர்செய்து எண்ணெயை மாற்றினால் முள் தன்னிடத்துக்கு மீளும். எஞ்சினைப் பிரித்திருந்தால் அத்தனை உழைப்பும் வீணாகியிருக்கும்.

எரிபொருள் எண்ணெயிற் கலக்க மற்றொரு வழியும் உண்டு. 1990களின் போர்க்காலத்திலே யாழ்ப்பாணக் குடாநாட்டில் பெற்றோல் அரிதாகிப் போனமையால், பழைய பெற்றோல் வண்டிகள் மண்ணெண்ணெயில் ஓட்டப்பட்டதை நேயர்களுட் பலர் நினைவு கூர்வர். சில துளி பெற்றோலால் எஞ்சினை எழுப்பி, பின்னர் மண்ணெண்ணெயிற் செலுத்தினர். மண்ணெண்ணெய் பெற்றோலைப் போல எளிதில் ஆவியாவதன்று. எஞ்சின் போதிய சூடு அடையாதபோது அதன் ஒரு பகுதி எரியாமல், சிலிண்டர்ச் சுவரிலுள்ள எண்ணெய்ப் படலத்தைக் கழுவிக்கொண்டு கீழே வடியும். அத்தகைய வண்டிக்கு எண்ணெயை விரைவில் விரைவில் மாற்றுதலே காப்பு. தட்டுப்பாட்டுக் காலத்தில் அக்காப்பும் எளிதன்று என்பதே அவ்வண்டிகள் பட்ட துன்பம்.

கோலும் எண்ணெயும் குறையற்றவையாயின், அடுத்துச் சோதிக்க வேண்டுவது மானியையே. பழைய லொறிகளின் அமுக்கமானி, பிரான்சிய நாட்டின் யூஜின் போர்டன் 1849இல் உரிமை பெற்ற முறையில் அமைந்தது. தட்டையாக்கி வளைத்த உலோகக் குழாய் ஒன்று அதனுள் இருக்கும். உள்ளே எண்ணெய் அமுங்கும்போது வளைவு சற்றே நிமிர முயலும். அச்சிறு அசைவைப் பற்சக்கரங்கள் பெருக்கி முள்ளை நகர்த்தும். எஞ்சினிலிருந்து மானிவரை எண்ணெயைக் கொண்டு செல்வது மெல்லிய செப்புக் குழாய். ஆண்டுகள் பல செல்லச் செல்ல அதன் உட்புறம் கசடால் அடைபடலாம். அதிர்ச்சியால் வெடித்துக் கசியலாம். எனவே நம்பத்தக்க வேறொரு மானியை எஞ்சினிலேயே நேராகப் பொருத்திப் பார்த்தல் வேண்டும். சில நிமிட வேலை அது. இரு மானிகளும் வேறுபட்டால் பழுது எஞ்சினில் இல்லை.

சோதனை மானியைப் பொருத்தியதும் நான்கு அளவுகளைத் தாளிற் குறித்துக்கொள்ளல் நன்று. எஞ்சின் குளிர்ந்திருக்கையில் மெல்ல ஓடும்போது ஒன்று. அப்போதே வேகம் கூட்டி ஒன்று. நன்கு சூடேறியபின் மெல்ல ஓடும்போது ஒன்று. சூட்டோடு வேகம் கூட்டி ஒன்று. இந்நான்கையும் ஒப்பிட்டால் எஞ்சினைத் திறவாமலே அதன் உள்நிலை பெரிதும் விளங்கும்.

குளிரிலும் சூட்டிலும், மெதுவிலும் வேகத்திலும் ஒருங்கே அமுக்கம் குறைந்திருந்தால், பம்பிக்கு எண்ணெய் வந்து சேரவில்லை, அல்லது பம்பி தேய்ந்துவிட்டது, அல்லது மிகை அமுக்கத்தைத் தணிக்கும் வால்வு மூடாமல் திறந்தபடி நிற்கின்றது என எண்ணலாம். குளிரில் நன்றாக நின்று சூடேறச் சூடேறத் தாழ்ந்து போனால், எண்ணெய் மெலிதாகிவிட்டது, அல்லது தாங்கிகளின் இடைவெளி அகன்றுவிட்டது. வேகத்தைக் கூட்டும்போது ஏறவேண்டிய அமுக்கம் மாறாக இறங்கினால், பம்பியின் வாயிலுள்ள வலை கசடால் அடைபட்டு, வேண்டிய அளவு எண்ணெயை அது பெறவில்லை.

தணிப்பு வால்வைப் பற்றி ஒரு சொல். ஒரு சுருள்வில் அழுத்திப் பிடித்திருக்கும் சிறு அடைப்பான் அது. ஒரு துகள் மண்ணோ உலோகப் பொடியோ அதன் இருக்கையில் சிக்கினாலும் அது முற்றாக மூடாது. எண்ணெய் பக்கவழியால் தட்டுக்குத் திரும்பிவிடும். கழற்றித் துப்புரவாக்கி, வில்லின் வலிமையைப் பார்த்து மீளப் பூட்டுதலே போதும். வில்லை இழுத்து நீட்டியோ அதன் பின்னால் வளையம் வைத்தோ முள்ளை உயர்த்துதல் சிலருடைய வழக்கம். தேய்ந்த தாங்கியை அது சிறிதும் செப்பஞ் செய்வதில்லை.

இதுவரை கூறியவை யாவும் எண்ணெய்த் தட்டைக் கழற்றாமலே செய்யக்கூடியவை. இவற்றாற் பழுது வெளிப்படாதபோதுதான் தட்டை இறக்க வேண்டும். தட்டின் அடியிலே களிபோன்ற கசடு படிந்திருக்கும். பம்பியின் வலையில் அது எவ்வளவு ஒட்டியுள்ளது என்று முதலில் நோக்குதல் வேண்டும். நெடுங்காலம் பழைய வகை எண்ணெயில் ஓடிக் கசடேறிய எஞ்சினுக்குத் திடீரெனக் கசடு கரைக்கும் தற்கால எண்ணெயை ஊற்றினால், உதிரும் கசடு அவ்வலையை அடைத்துவிடலாம். எண்ணெய் மாற்றிய சில நாளிலே முள் தாழ்ந்த வண்டிகளில் இதனை மறவாது பார்த்தல் வேண்டும்.

பம்பியினுள்ளே இரு பற்சக்கரங்கள் ஒன்றையொன்று பற்றிச் சுழல்கின்றன. அவற்றின் முகத்துக்கும் மூடிக்கும் இடையே உள்ள வெளி மிக ஒடுக்கமாயிருத்தல் அவசியம். நேர்கோலை மேலே வைத்து, இடைவெளி அளக்கும் மெல்லிய எஃகுத் தகடுகளைச் செருகி இதனை அளக்கலாம். மூடியின் உட்புறத்தில் பற்சக்கரங்கள் பள்ளந் தோண்டியிருந்தால், கண்ணாடிப் பலகையின் மேல் அரைப்பசை இட்டு மூடியைத் தேய்த்துத் தளமாக்குவர். திரும்பப் பூட்டும்போது பம்பியின் உள்ளே வசிலினோ எண்ணெயோ நிரப்பி வைத்தால், முதல் முறை எழுப்பும்போது அது தாமதமின்றி எண்ணெயை உறிஞ்சும்.

தட்டு இறங்கியிருக்கும் இவ்வேளையில், 216 எஞ்சினைப் பொறுத்தமட்டில் செய்யவேண்டிய தலையாய சோதனை ஒன்றுண்டு. எண்ணெய்த் தாரை பீறும் குழல்கள் அடைபடாது உள்ளனவா, அவை அகப்பைகளை நேரே நோக்கி நிற்கின்றனவா, தொட்டிகள் நசுங்காது உரிய ஆழத்தில் உள்ளனவா என்று பார்த்தலே அது. அக்காலத்துச் செவ்ரொலே வேலைத்தலங்களில் இவற்றை அளப்பதற்கென்றே தனி அளவுகருவிகள் இருந்தன. அடியில் ஒரு கல் மோதித் தட்டு நசுங்கினாலும், குழல் ஒன்று சிறிதே வளைந்தாலும், ஓர் இணைப்புத் தண்டின் தாங்கி எண்ணெயின்றி வாடும்.

இவ்வெஞ்சினின் அமுக்கமானி முதன்மைத் தாங்கிகளுக்குச் செல்லும் எண்ணெயின் அமுக்கத்தைக் காட்டுகின்றதேயன்றி, இணைப்புத் தண்டுகளின் நிலையைப் பற்றி யாதும் கூறுவதில்லை. ஒரு தண்டின் தாங்கி உலர்ந்து தேய்ந்துகொண்டிருக்கும்போதும் முள் 14 இறாத்தலில் அமைதியாக நிற்கலாம். எனவே முள் தாழ்ந்தமை கண்டு அஞ்சுவோர், முள் தாழாதிருத்தலைக் கண்டு அயர்ந்துவிடுதலும் கூடாது. இங்கே கண்ணுக்கு உதவியாகக் காது வேண்டும். தேய்ந்த இணைப்புத் தண்டு, எஞ்சின் சுமையின்றி ஓடி வேகம் தளரும் வேளையில் ‘டக் டக்’ என்று தட்டும். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, ஒவ்வொரு சிலிண்டரின் பிளக்குக்கும் செல்லும் மின்னை ஒவ்வொன்றாகத் துண்டித்துப் பார்த்தால், பழுதுற்ற சிலிண்டரின் முறை வரும்போது அத்தட்டொலி மெலியும். எது தேய்ந்தது என்பது அதனால் தெரியவரும்.

இவ்வளவும் கடந்த பின்னரே தாங்கிகளைத் திறத்தல் தகும். இணைப்புத் தண்டுகளின் தாங்கிகள் பாபிட் என்னும் வெண்ணுலோகக் கலவையால் வார்க்கப்பட்டவை. ஐசாக் பாபிட் என்னும் அமெரிக்கர் 1839இல் உரிமை பெற்ற முறையின் பெயரை அக்கலவை தாங்கியுள்ளது. வெள்ளீயம், அந்திமனி, செம்பு என்பன அதிற் சேரும். மென்மையே அதன் சிறப்பு. தண்டைக் கீறாமல், தூசியைத் தன்னுட் புதைத்துக்கொள்ளும். மூடிக்கும் தண்டுக்கும் இடையே மயிர் போல் மெல்லிய தகடுகள் பல அடுக்கப்பட்டிருக்கும். தேய்மானம் சிறிதாயின் ஒரு தகட்டை நீக்கி இடைவெளியை மீண்டும் ஒடுக்கலாம்; புதிய தாங்கி வேண்டா. அளப்பதற்கு எளிய வழி, மென்பிளாஸ்டிக் நூலொன்றைத் தாங்கியுள் வைத்து மூடியை இறுக்கி மீளக் கழற்றுதல். நசுங்கிய நூலின் அகலம் இடைவெளியைச் சொல்லும். தண்டே வட்டம் குன்றி நீள்வட்டமாகியிருந்தால் தகட்டை நீக்குதல் பயன் தராது. ஒரு பக்கம் இறுகி மறுபக்கம் தளரும். தண்டைக் கடைந்தே தீரல் வேண்டும். முழுத்திருத்தம் என்று வேலைத்தலத்தார் கூறும் பெருஞ்செலவு இவ்விடத்தில்தான் நியாயமாகின்றது.

எண்ணெய் அமுக்கக் குறைவுக்கு எளிய மருந்தாகப் பலரும் நாடுவது தடித்த எண்ணெய். தடித்த எண்ணெய் மெல்லக் கசியும். முள் உயரும் என்பது மெய்யே. ஆனால் எண்ணெயின் அலுவல் முள்ளை உயர்த்துவதன்று. தொட்டியிலிருந்து மொண்டும் தாரையாகப் பீறியும் ஊட்டப்படும் எஞ்சினில், எளிதாக ஓடும் எண்ணெயே அகப்பைக்குள் விரைந்து புகும். குளிர்ந்த காலையில் எஞ்சினை எழுப்பும்போது, பாகு போன்ற எண்ணெய் தொட்டிகளை நிரப்பத் தாமதிக்கும். முள் மகிழ்ச்சியூட்டும் அந்நேரத்தில் இணைப்புத் தண்டுகள் வறண்டு சுழலும். தேய்ந்த எஞ்சினைச் சில காலம் மேலும் ஓட்டுவதற்கு ஒரு படி தடித்த எண்ணெய் உதவலாம்; பழுதை அறிந்து செய்தால் அது காலந்தாழ்த்தும் உபாயம், அறியாமற் செய்தால் அது பழுதை மறைக்கும் திரை.

பழைய லொறியை வைத்திருப்பவர் எவராயினும், அதனாற் பிழைப்பவராயினும் ஆர்வத்தாற் பேணுபவராயினும், செய்யத்தக்க காரியம் ஒன்றுண்டு. வண்டி நலமாயிருக்கும்போதே மேற்கூறிய நான்கு அளவுகளையும் எடுத்து, திகதியோடும் எண்ணெயின் வகையோடும் ஒரு கொப்பியில் எழுதி வைத்தல் வேண்டும். எண்ணெய் மாற்றும் ஒவ்வொரு முறையும் அவற்றை மீண்டும் எழுதினால், அவ்வண்டியின் இயல்பு எதுவென ஐயமின்றி விளங்கும். பின்னொரு நாள் முள் தாழும்போது, வேலைத்தலத்துக்குச் செல்பவர் வெறுங்கையோடு செல்ல மாட்டார். கோலைப் பார்த்தாயிற்று, எண்ணெயை மணந்து பார்த்தாயிற்று, வேறு மானியை வைத்துப் பார்த்தாயிற்று, அளவுகள் இவை என்று கூற வல்லவராயிருப்பார். நேர்மையான மெக்கானிக்குக்கு அது பேருதவி. மற்றையவரிடமிருந்து அது வண்டியையும் உரிமையாளரின் பணத்தையும் காக்கும்.